கரையை மிதித்த யானைகள்

என் மூத்தவனுக்கு அம்மை போட்டிருந்த ஒரு பங்குனியில், வேப்பிலை கொண்டு வந்த மரகதம் அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகச் சொன்ன கதை இது.

காட்டோரம் ஓர் ஏரி. அதை ஒரு முதலை ஆண்டது. பொல்லாத முதலை! கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் விழுங்கும். ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த யானைக்குட்டியின் காலையும் கவ்விவிட்டது. அவ்வளவுதான்! பக்கத்துக் காட்டு யானைகள் பிளிறிக்கொண்டு வந்து இறங்கின. ஏரியே கலங்கியது. முதலை, தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஆற்றுப் பக்கம் ஓடியது.

"இனி யாருக்கும் பயமில்லை! இந்த ஏரி எங்கள் காவலில் இருக்கும்!" என்றது யானைகளின் தலைவன் கொம்பன்.

கோரைப் புதருக்குள் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த கானாங்கோழி எட்டிப் பார்த்தது. சண்டையில் யானைகள் மிதித்த இடத்தில் ஏரிக்கரை விண்டு கிடந்தது. அந்த வெடிப்புக்கு நேர் எதிரேதான் அதன் கூடு. கரை உடைந்தால் முதலில் போவது அதுதான்.

"முதலை தொலைஞ்சுதே, சிரியேன்!" என்றது ஆமை.

"சிரிக்கலாம் அண்ணே. போனவன் பல்லைப் பார்த்துட்டோம். வந்தவங்க காலை இன்னும் பார்க்கலையே!"

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால், அங்கே தண்ணீர் குடிக்கிற ஒவ்வோர் உயிரும் தன் பங்குக்கு ஒரு வாய் மண் எடுத்துக் கரையில் அப்ப வேண்டும். அந்தப் பொல்லாத முதலைகூட வாலால் சேறு தள்ளும்.

மேகம் கறுத்தது. விடிந்ததும் எல்லாம் வாய் நிறைய மண்ணோடு கரையில் கூடின. கொம்பன் பார்த்துவிட்டது.

"என்ன கூட்டம் இது? யாரைக் கேட்டுக் கூடினீர்கள்?"

வாயில் மண்ணை வைத்துக்கொண்டு யார் பதில் சொல்வது?

"பேச மாட்டீர்களா? முதலைக்கு வேவு பார்க்கிறீர்கள்! கலையுங்கள்! இனிமேல் கரைப்பக்கம் ஒருவரும் வரக்கூடாது!"

அதோடு விடவில்லை. தண்ணீர் குடிக்கும் துறையைத் தன் கூட்டத்துக்கென்று பிடித்துக்கொண்டு, காவலுக்கென்று ஒரு தடியன் யானையைக் கரைமேலேயே நிறுத்தியது. அது நடக்க நடக்க வெடிப்பு அகன்றது.

கானாங்கோழிக்கு அடைகாக்க மனம் ஒட்டவில்லை. பயந்து பயந்து கொம்பனிடம் போனது.

"ஐயா, நாங்க போட வந்தது சதி இல்லை, மண்ணு! கரை விரியுது. நீங்க அடைங்க, இல்லேன்னா எங்களை விடுங்க."

"உன்னை எப்படி நம்புவது? உங்கள் ஏரி, உங்கள் கரை. அடைப்பது எங்கள் வேலையா?"

"அப்போ துறையை எங்ககிட்டே கொடுத்துடுங்க."

"அது முடியாது. பாதுகாப்பு!"

"தண்ணி உங்களுக்கு, ஓட்டை எங்களுக்கா? நல்லாயிருக்கு ஐயா நியாயம்!"

கொம்பனுக்குக் கோபம் வந்தது. "நன்றி கெட்ட கூட்டம்! வாருங்கள், நம் காட்டுக்கே போவோம்!"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெடிப்பின் வழியே தண்ணீர் சீறியது. கூட்டிலிருந்து ஒரு முட்டை உருண்டு வெள்ளத்தோடு போயிற்று. கானாங்கோழி அலறவில்லை. ஓடிப்போய்க் கொம்பனின் காலை மறித்து நின்றது.

"இப்போ போகாதீங்க! முதலை எங்க குஞ்சைத் தின்னான், இல்லேங்கலை. ஆனா அவன் இருந்தப்போ கரை நின்னுச்சு. மிஞ்சின முட்டையும் போனா, 'முதலையே மேல்'னு இந்த ஏரியே சொல்லும். அந்தப் பேரை வாங்கவா சண்டை போட்டீங்க?"

கொம்பன் அந்தச் சின்னப் பறவையைப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்து, உடைப்பின் குறுக்கே மலைபோலப் படுத்தது. சீறிய தண்ணீர் அடங்கியது.

"மண்ணு! மண்ணு கொண்டு வாங்க!" என்று கத்தியது ஆமை. நாரைகள் சந்தேகத்தோடுதான் கிட்டே வந்தன. வந்து, கொம்பனின் முதுகோரமாகச் சேற்றை அப்பின. மற்ற யானைகளும் தும்பிக்கையால் மண் வாரிப் போட்டன. கரை நின்றது. மற்ற முட்டைகள் தப்பின.

"இப்போதாவது என்னை நம்புகிறாயா?" என்று கேட்டது கொம்பன்.

"கரை காயட்டும் ஐயா, பார்க்கலாம்," என்றது கானாங்கோழி.

காயும்வரை யானைகள் கரையை மிதிக்காமல் கீழேயே காத்திருந்தன. பிறகு துறையை ஏரிக்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கிளம்பின. கடைசி யானையின் வால் மரங்களுக்குள் மறையும்வரை கானாங்கோழி கண்ணை எடுக்கவேயில்லை.

ஒரு நாட்டை வென்று பிடித்தவன் அதன் பாரத்தையும் சேர்த்தே பிடித்திருக்கிறான். உடைத்ததைச் சரிசெய்யாமல் அவன் அதை ஆளவும் கூடாது, விட்டுப் போகவும் கூடாது.

இன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிடும்போது, சண்டை ஓய்ந்தும் உடைந்துகிடக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் நிற்கிற பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.