வெறுங்கையோடு மேல்மாடிக்கு

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், தொழில்முனைவோர் மையத்தைப் பார்த்துக்கொண்டவர் பேராசிரியர் நசீமா. அவரிடம் ஒரு சந்தேகத்தோடு போகிறவர்கள் இரண்டு சந்தேகத்தோடு திரும்பி வருவார்கள் என்று மாணவர்கள் மத்தியில் பேச்சு. ஆனாலும் யாரும் போகாமல் இருந்ததில்லை.

மூன்றாம் ஆண்டு படிக்கும் பூபாலன் ஒருநாள் மத்தியானம் அவர் அறைக்குப் போனான். புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டை மேசைமேல் வைத்தான். ஒரு பக்கத்தில் அவன் பெயர், அதன்கீழ் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி', அதற்கும் கீழே 'உலகத்துக்கே ரசம்'. மறுபக்கம் உலக வரைபடம்.

நசீமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"ஆப்பிரிக்கா எங்கப்பா?"

"லோகோ வைக்க எடம் பத்தலீங்க மேடம். டம்ளரை அங்க வெச்சுட்டமுங்க."

"சரி, என்ன விஷயம்?"

"உலகச் சந்தையைப் பிடிக்கணுங்க. ரசப் பொடி. வெந்நீர்ல கலக்கினாப் போதும். அதுக்கு முதல்ல என்னங்க பண்ணணும்?"

கம்பெனியில் அவனோடு இன்னும் இரண்டு பேர். சித்தப்பா மகன் தீபன், மாமா மகன் சரண். மூவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், இப்போது விடுதியில் ஒரே அறை. ரசம் மூவருக்கும் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மீதி உலகத்துக்குப் பிடிக்காமல் போக பூபாலனுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆண்டு முடிவில் கல்லூரியில் ஒரு போட்டி இருந்தது. நல்ல தொழில் யோசனைக்கு வளாகத்திலேயே ஒரு அறை கொடுத்து, தொழில் தொடங்க உதவியும் செய்வார்கள். அது கிடைக்காவிட்டால் படிப்பை முடித்ததும் கோழித்தீவன மில்லில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பூபாலனுக்குத் தீவனத் தூசி ஆகாது. மில் வாசலிலேயே தும்மல் ஆரம்பித்துவிடும்.

நசீமா கார்டைக் கீழே வைத்தார்.

"ஹாஸ்டல்ல உன் ரூம் எந்த மாடி?"

"ரெண்டாவதுங்க."

"மூணாவதுல யாரு இருக்காங்க?"

"வெளிநாட்டுப் பசங்கங்க."

"பேரு?"

பூபாலன் யோசித்தான். மூன்று வருடமாகத் தலைக்குமேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. பெயர் ஒன்றும் கேட்டதில்லை.

"மேல போயிருக்கியா?"

"அங்க நமக்கு வேலை இல்லீங்களே மேடம்."

"இன்னைக்கு சாயங்காலம் போ. வெறுங்கையோட போ. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வா."

"உட்கார்ந்து என்னங்க பண்றது?"

"உட்காரு."

அன்று மாலை பூபாலன் மூன்றாவது மாடிக்கு ஏறினான். சந்தைக்குப் போகிறவன் வெறுங்கையோடு போவானா என்று யோசித்து, ஒரு ஃபிளாஸ்க் நிறைய ரசம் எடுத்துக்கொண்டான்.

படிக்கட்டுக்கு அருகில் இருந்த அறையின் கதவைத் தட்டினான். உள்ளே ஓடுகிற சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், கட்டில் முனகும் சத்தம். பிறகு கதவு திறந்தது. நெடுநெடுவென்று உயரமான ஒருவன் நின்றான். தான்சானியாக்காரன், பெயர் பராக்கா. பின்னால் கட்டிலில் இன்னொருவன் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான். அவன் பூடான்காரன், பெயர் தோர்ஜி.

"அவனுக்கு ரொம்பக் காய்ச்சல்" என்றான் பராக்கா ஆங்கிலத்தில்.

போர்வைக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு காய்ச்சலைப் பூபாலன் பார்த்ததில்லை. வார்டனைக் கூப்பிடட்டுமா என்றான். வார்டன் என்ற சொல்லைக் கேட்டதும் காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்தான். போர்வை நழுவியது. மடியில் மின்அடுப்பு, அதன்மேல் சட்டி. விடுதியில் அடுப்புக்குத் தடை.

"வந்தது வார்டன்னு நெனச்சோம்" என்றான் பராக்கா. பூபாலன் இன்னும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான். "படியில நிக்காத. உள்ள போ, உள்ள போ. எடம் இருக்கு."

பராக்கா தமிழ் கற்றது டவுன் பஸ்ஸில். கண்டக்டர் சொல்லாத சொல் எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்ததைக் கண்டக்டர் குரலிலேயே சொல்வான். மீதிக்கெல்லாம் ஆங்கிலம்தான்.

பூபாலன் உள்ளே போனான். தான் வந்த காரியத்தை ஆங்கிலத்தில் விளக்கினான். மிளகின் பெருமை, சீரகத்தின் பெருமை, உலகம் இதுவரை இழந்தது என்ன என்று ஒன்றும் விடவில்லை. பிறகு ரசத்தை ஊற்றிக் கொடுத்தான்.

பராக்கா மரியாதையாகக் குடித்து முடித்தான். "சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கணுமா, பின்னாடியா?"

"எப்ப வேணும்னாலும்."

"எத்தனை நாளைக்குக் குடிக்கணும்? எனக்கு இருமல் இப்ப இல்லை."

தோர்ஜி இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு, "நல்லா இருக்கு. ஆனா காரமே இல்லையே. எங்க ஊர்ல மிளகாய்தான் காய்கறி" என்றான்.

பூபாலனுக்கு அது மனதில் தைத்தது.

மறுநாள் நசீமாவிடம் போனான். "ஒருத்தன் மருந்துங்கறான், ஒருத்தன் காரமே இல்லீங்கறான். அவங்களுக்கு ருசி தெரியலீங்க மேடம்."

"நீ அவங்கள என்ன கேட்ட?"

"நான் எங்கீங்க கேட்டேன்? நான்தான் சொன்னேன்."

"கையில என்ன எடுத்துட்டுப் போன?"

பூபாலன் ஜன்னலைப் பார்த்தான். "ஃபிளாஸ்க் மட்டும்தானுங்க."

"திரும்பப் போ."

இரண்டாவது தடவை உண்மையிலேயே வெறுங்கையோடு போனான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் பைக்குள் வைத்தான், பிறகு கட்டிக்கொண்டான், கடைசியில் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான்.

இந்த முறை யாருக்கும் காய்ச்சல் இல்லை. அடுப்பு தரையிலேயே இருந்தது. பராக்கா சட்டியில் வெள்ளை வெளேரென்ற மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் தோள் அசையக் கிண்டிக்கொண்டிருந்தான். களி கிண்டுவது போலவே இருந்தது.

அதற்குப் பெயர் உகாலி. ஊரில் அம்மா தினமும் செய்வாள் என்றான் பராக்கா. மெஸ் சோறு வயிற்றை நிறைக்கும். ஆனால் இதைச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். மாவு ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது. இதுதான் கடைசிப் பொட்டலம். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலும் சேலத்திலும் படிக்கும் அவன் நாட்டுப் பசங்களும் இப்படித்தான் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை நம்பி இருக்கிறார்கள்.

கிண்டி முடித்ததும் வந்தவனுக்குத்தான் முதலில் வைத்தான். பெரிய உருண்டை, பக்கத்தில் கீரை.

பூபாலன் சாப்பிட்டான். நன்றாக இருந்தது. "எதுல செஞ்ச மாவு?" என்று கேட்டான். கேட்டதில் அவனுக்கே கொஞ்சம் பெருமை.

பராக்கா காலிப் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினான். மக்காச்சோளக் கதிர் படம்.

பூபாலன் சிரித்தான். "இதுதானா? இதை எங்க ஊர்ல கோழிக்குப் போடுவோம்."

பராக்கா காலிப் பொட்டலத்தை மடித்து வைத்தான். தோர்ஜி தன் தட்டைப் பார்த்தான். பூபாலன் வாய் நிறைய உகாலியோடு உட்கார்ந்திருந்தான். விழுங்கவும் முடியவில்லை.

அதன்பிறகு பேச்சு ஓடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

சில நாள் மூன்றாவது மாடிப் பக்கம் தலைகாட்டவில்லை. மெஸ்ஸில் பராக்கா எதிரே வந்தால் குழம்பு வாளியை நோக்கித் திரும்பிக்கொள்வான். நடந்ததைச் சொன்னபோது தீபன், "உள்ளதைத்தானடா சொன்ன" என்றான். சரணும் அதையே சொன்னான். இருவரும் அப்படிச் சொல்லியும் பூபாலனுக்கு ஆறுதலாக இல்லை. கடைசிப் பொட்டலத்தில் பெரிய உருண்டை தன் தட்டில் விழுந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

நசீமாவிடம் போய் நின்றான்.

"மன்னிப்பு எப்படிங்க மேடம் கேக்கறது?"

நசீமா விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை. "வாயால."

"அது போதுங்களா?"

"போதும். ரசம் எடுத்துட்டுப் போகாத."

சனிக்கிழமை ஊருக்குப் போனவன் நேராக அப்பாவின் மில்லுக்குப் போனான். தும்மிக்கொண்டே நல்ல மக்காச்சோளமாகப் பொறுக்கி எடுத்தான். தும்மிக்கொண்டே புடைத்தான். வெளியே மாவு மில்லில் கொடுத்து நைசாக அரைத்தான். பையன் மில்லுக்குள் தானாகவே வந்துவிட்டான் என்று அப்பா பக்கத்துக் கடைக்காரரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மாவு மூட்டையைத் தோளில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏறினான். கதவு திறந்ததும், மூச்சு வாங்க, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிக்கோ" என்றான். மூட்டையை இறக்கி வாயைப் பிரித்தான்.

பராக்கா குனிந்து பார்த்தான். ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மஞ்சளாக மின்னியது. வெகுநேரம் அதையே பார்த்தான்.

"பூபாலன்."

"சொல்லு."

"மஞ்சள் சோளத்தை எங்க ஊர்லயும் கோழிக்குத்தான் போடுவோம். நாங்க சாப்பிடறது வெள்ளை."

பூபாலன் மூட்டையைப் பார்த்தான். பராக்காவைப் பார்த்தான். முதலில் சிரித்தது தோர்ஜிதான். பிறகு பராக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூபாலனுக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தன. கீழேயிருந்து தீபனும் சரணும் என்ன சத்தம் என்று பார்க்க ஏறி வந்தார்கள். அவர்களும் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"உள்ள போ, உள்ள போ" என்றான் பராக்கா.

அடுத்த வாரமே பூபாலனும் பராக்காவும் வெள்ளை மக்காச்சோளம் தேடிக் கிளம்பினார்கள். மண்டி மண்டியாகப் போனார்கள். எல்லா இடத்திலும் மஞ்சள்தான். கடைசியில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, வேகவைத்து விற்கும் கதிருக்காக வெள்ளை ரகம் போட்டிருப்பது தெரிந்தது. முற்றிய கதிரை வாங்க ஆள் வந்திருக்கிறது என்றதும் அவர் நம்பவில்லை. பராக்கா ஒரு மணியைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டியபிறகுதான் நம்பினார்.

அரைத்த மாவில் பராக்கா உகாலி கிண்டினான். ஒரு வாய் எடுத்தான், உடனே இன்னொரு வாயும் எடுத்தான். பிறகு செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினான். அந்த அம்மா தட்டைப் பார்க்காமல் பூபாலனைப் பார்த்து, பையன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறானே, அவனுக்கு முதலில் போடு என்றார்.

சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் செய்தி போனது. மாவு கேட்டு ஆட்கள் விடுதி வாசலுக்கே வந்தார்கள். பூபாலன் பராக்காவிடம், "நீதான் எங்க முதல் கஸ்டமர்" என்றான்.

"கஸ்டமர் இல்லை, பார்ட்னர்" என்றான் பராக்கா. "தோர்ஜியும்."

பூபாலன் ஒருநாள் முழுக்க யோசித்தான். பிறகு புதுக் கார்டு அடிக்கக் கொடுத்தான். அதில் தலைமைச் செயல் அதிகாரி யாரும் இல்லை.

போட்டி வந்தது. நடுவர்களில் ஒருவர், "உங்க சந்தை ரொம்பச் சின்னதா இருக்கே. இன்னும் எவ்வளவு பேர் வருவாங்க?" என்று கேட்டார். பூபாலன் புள்ளிவிவரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பராக்கா மைக்கைப் பிடித்தான். "இன்னும் ஏறலாம். பின்னாடி காலியாத்தான் இருக்கு." அரங்கம் அடங்க நேரமானது. முதல் பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் வளாகத்தில் ஓர் அறை அவர்களுக்கும் கிடைத்தது. அப்பாவும் வந்து பார்த்தார். இங்கேயும் மக்காச்சோளம்தானா என்றார்.

அறை கிடைத்த மாதத்திலேயே பூபாலன் மெலிந்துபோனான். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு மத்தியானம் நசீமாவின் அறைக்கு வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னப்பா?"

"தினமும் சண்டைங்க மேடம்."

"யாருக்கும் யாருக்கும்?"

"எல்லாருக்கும் எல்லாருக்குங்க. பேருல கொங்கு இருக்கணுங்கறான் தீபன். வாங்கறவனுக்குக் கொங்குன்னா என்ன தெரியும்னு பராக்கா கேக்கறான். மிளகாய் சேர்த்து ஒரு மாவு போடணுங்கறான் தோர்ஜி. அதைத் தின்னா மனுசன் பொழைக்க மாட்டான்னு சரண் சொல்றான். மூட்டைக்கு ஒரு ரசப் பொடி இலவசமாக் குடுக்கலாம்னேன். உடம்பு சரியா இருக்கறவனுக்கு எதுக்கு மருந்துன்னு கேக்கறாங்க மேடம்."

நசீமா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சண்டை போட்டு என்ன ஆச்சு?"

"பேரை மாத்தினோம். பையைச் சின்னதாக்கினோம். தோர்ஜியோட மிளகாய் மாவு ஒரு பாத்திரம் செஞ்சு பார்த்தோம். அது..." பூபாலன் தயங்கினான். "அதுதாங்க இப்ப நெறையப் போகுது."

"அப்புறம்?"

"இப்ப அடுத்த சண்டை ஆரம்பிச்சிருக்குங்க. இதெல்லாம் எப்பங்க மேடம் நிக்கும்?"

நசீமா விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நின்னா உடனே வந்து சொல்லு" என்றார். "கம்பெனியை மூடிடலாம்."