வடிவுக்குப் பிடித்த காலம்

தாமிரபரணிக் கரையில், இலுப்பைத்துறை என்ற ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. எல்லோரும் சாமி என்று கூப்பிடும் ஒரு துறவியும், அவரிடம் பாடம் கேட்கும் ஏழெட்டுப் பேரும் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி செண்பகவடிவு. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கணவர் காலமான பிறகு, மகனிடமும் மகளிடமும் சொல்லிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தவள்.

ஒருநாள் காலையில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பு முன்னால் நின்றது அவள்தான். புகை கண்ணை எரித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் ரசத்தில் உப்பே இல்லை.

சாமி கேட்டார். "வடிவு, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சாமி."

"அப்ப மனசுக்கு என்ன?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வாராங்க."

"நல்லதுதானே?"

"மக போன்ல சொன்னா. 'இந்தத் தடவை நாங்க கேப்போம், நீ சொல்லணும்மா. உனக்கு என்ன பிடிக்கும், நீ எப்ப ரொம்ப சந்தோஷமா இருந்தே, எல்லாம் சொல்லணும். உன்னைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியலை'ன்னா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"பிடிச்சதைச் சொல்லிருவேன் சாமி. பாகற்காய் பிடிக்கும், தாழம்பூ வாசனை பிடிக்கும். அதுல என்ன பயம்? எப்ப சந்தோஷமா இருந்தேன்னு கேட்டாத்தான்..."

"கேட்டா?"

"உண்மையைச் சொன்னா, அதுல அவங்க ரெண்டு பேருமே இல்லை."

சொன்ன கையோடு அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று பயம்.

பிறகு மெல்லச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராக இருந்தாள். ஒன்றேகால் வருஷம். மாடியில் ஓர் அறை எடுத்து, கூட வேலை பார்த்த ஜெசிந்தாவோடு தங்கியிருந்தாள். ஜெசிந்தா அவளுக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கினாள். லீவு நாளில் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் தின்பார்கள். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொன்னார்கள். விட்டாள்.

"அதுக்கப்புறம் எனக்கு ஒரு குறையும் இல்லை சாமி. அவர் நல்ல மனுஷன். பிள்ளைங்க தங்கம். ஆனா எப்ப சந்தோஷம்னு யார் கேட்டாலும், அந்த மாடி அறைதான் முன்னால வந்து நிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

அவளே தொடர்ந்தாள்.

"'நீங்க பிறந்த நாள்தான்'னு சொன்னா ரெண்டும் சிரிச்ச முகமாப் போகும். சின்னப் பொய்தானே? சொல்லலாமா சாமி?"

சாமி கேட்டார். "உன் அம்மா பேர் என்ன?"

"ஆறுமுகத்தம்மாள்."

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"எங்களைத்தான் சாமி. உயிரையே விடுவா."

"அது சரி. வேற?"

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். அம்மா வைத்த குழம்பு நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் நெற்றியில் வைத்த கை நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு பண்டத்தை ஆசையாகத் தின்றதாக நினைவில்லை.

"தெரியலையே சாமி."

"எப்ப சந்தோஷமா இருந்தாங்க?"

"தெரியாது."

"கேட்டிருக்கியா?"

"இல்லை. கேட்டிருந்தா நீங்கதான் என் சந்தோஷம்னு சொல்லியிருப்பா."

"நம்பியிருப்பியா?"

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். மகன் சிவசைலம் சென்னையில் வேலை பார்ப்பவன். வந்ததும் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தான். மகள் ஆவுடைச்செல்வி கோயம்புத்தூரில் இருந்தாள். எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வேலையை விட்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. கேட்டதற்குத் தூக்கமில்லை என்றாள்.

மாமரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். பாகற்காயைக் கேட்டு மகன் சிரித்தான். தாழம்பூவைக் கேட்டு மகள், "ஒரு நாள்கூட நீ வச்சுப் பார்த்ததில்லையேம்மா," என்றாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மகள்தான் கேட்டாள்.

செண்பகவடிவு மகன் முகத்தைப் பார்த்தாள். பதில் தனக்குத் தெரியும் என்பது போல அவன் முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தான். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆறுமுகத்தம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கை நினைவுக்கு வந்தது. முகம் சரியாக வரவில்லை.

"தூத்துக்குடியில," என்றாள்.

ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. எக்ஸ்சேஞ்சைச் சொன்னாள், சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னாள். "மழை பெய்தா ஜன்னலைத் திறந்து வச்சுக்குவோம். பாயெல்லாம் நனையும். மூடுன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது," என்றாள். சொல்லும்போது குரல் இளசாகிவிட்டது. அது அவளுக்கே கேட்டது. பயந்து நிறுத்தினாள்.

ஆவுடைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் ஏன் சொன்னேன்! ஆவுடை, உன்னை நான்..."

"இல்லைம்மா." மகள் அவள் கையைப் பிடித்தாள். "பாப்பா பிறந்ததிலிருந்து எனக்கு என் பழைய ஆபீஸ்தான் கனவுல வருது. எழுந்து அவ முகத்தைப் பார்த்தா, நான் எல்லாம் ஒரு தாயான்னு தோணும். எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை."

செண்பகவடிவு மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். மகன் பக்கம் திரும்பினாள். அவன் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"அவர் கேட்டதில்லைப்பா."

அவன் எழுந்து ஆற்றுப் பக்கம் போனான். சாப்பாட்டுக்கு வரவில்லை. கிளம்பும்போது, "வாரேன்," என்றான். "வாரேம்மா" என்று சொல்லவில்லை.

வழக்கமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் போன் செய்வான். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அவளாகக் கூப்பிட நினைத்துப் பலமுறை போனைக் கையில் எடுத்தாள். என்னவென்று பேசுவது? பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. சாமியின் பாடத்தில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு நேராகச் சாமியிடம் வந்தாள். அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சாமி, பையன் பேசினான்."

"என்ன சொன்னான்?"

"எப்பவும் எடுத்த எடுப்பிலே 'சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா'ன்னுதான் கேப்பான். இன்னைக்கு அது ரெண்டும் கேக்கலை. 'அந்த ஜெசிந்தா இப்ப எங்க இருக்காங்க?'ன்னான். அசலார்கிட்டப் பேசுற மாதிரி, தயங்கித் தயங்கி. அப்புறம் கூப்பிடுதேன்னு வச்சிட்டேன்."

அவள் கண் நிறைந்தது.

"என் பிள்ளை எனக்கு அந்நியமாப் போயிட்டான் சாமி. உண்மையைச் சொல்லி அவனைத் தொலைச்சிட்டேனா?"

சாமி மண்வெட்டியால் வாய்க்காலை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷம் அவன் அம்மாகிட்டப் பேசினான், வடிவு. இன்னைக்குத்தான் உன்கிட்டப் பேச ஆரம்பிச்சிருக்கான். புது ஆள்கிட்டப் பேசுறப்ப யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்யும். போ, போய் அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லு."