பெரிய ஆயாவுக்கு ஒரு சூப்பான்

மில் முதலாளி வீட்டில் தனபாக்கியம்தான் பெரிய ஆயா. நேற்று வேலைக்கு வந்த சின்ன ஆயா செம்பாவின் இடுப்பை விட்டுக் குழந்தை குகன் இறங்காததைப் பார்த்து அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நான் தினமும் வேப்பெண்ணெய் தடவியும் இந்த ரப்பர் சூப்பானைச் சப்புறத விடமாட்டேங்குறான். இன்னிக்கே நீ மறக்கடி. அழுதான்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

செம்பா குழந்தையிடம் சொன்னாள்: "பாவம்டா கண்ணு. சூப்பான் இல்லாமத்தான் பெரிய ஆயா எப்பவும் உர்ருன்னு இருக்காங்க."

முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திட்ட வாய் திறந்த தனபாக்கியத்தின் வாயில், செம்பாவின் இடுப்பிலிருந்தே எட்டிச் சூப்பானைத் திணித்தான் குகன். தனபாக்கியம் தடவிய வேப்பெண்ணெய் அவள் நாக்கிலேயே கசந்தது.

அவன் அதைத் திரும்பக் கேட்கவேயில்லை. அவள் செம்பாவை முறைக்கும்போது மட்டும் அக்கறையாக விசாரிப்பான்:

"ஆயா, உன் சூப்பான் எங்க?"