உள்ளேயே நிற்கிற தோட்டா

சாய்ந்தான்குறிச்சிக்கு எப்படிப் போவது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். எல்லாத் திசையும் சரிதான். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் வழி தவறி நின்றுகொண்டிருப்பார். அவரைப் பிடித்துக்கொண்டால் போதும், உங்களையும் சேர்த்து வழி தவறவைத்து எப்படியோ ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

அந்த ஊரில் வெயிலுமுத்து என்று ஒருவன். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. செண்பகம் என்று ஓர் எருமை உண்டு. ஊருக்கே அது ஒன்றுதான் கறவை. அதன் முகத்தில் விழிக்காமல் அவன் பல் தேய்த்ததில்லை. அது அசைபோட்டு முடிக்காமல் அவன் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவனுக்கு ஒரு கார்டு வந்தது. ‘வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து தங்கள் எருமையைக் களவாண்டு போகிறேன். வீட்டில் இருக்கவும். இப்படிக்கு, ஈர்க்குச்சிப் பலவேசம்.’

பலவேசம் அந்தச் சீமையில் பேர்போன திருடன். உடம்பு ஈர்க்குச்சி, வாக்கு மட்டும் இரும்பு. சொன்ன நாளில் வந்துவிடுவான். வெயிலுமுத்து செண்பகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அது கார்டில் பாதியைத் தின்றுவிட்டு அவனை நக்கிக் கொடுத்தது.

ஊர் கூடியது.

"காலண்டர்ல வெள்ளிக்கிழமையைக் கிழிச்சுப் போட்டுட்டா?" என்றான் சங்கிலிபூதத்தான். ஊரில் யோசனைக்காரன் என்று பேர் வாங்கியவன்.

"நம்ம காலண்டரைக் கிழிச்சிருவோம். அவன் வீட்டுக் காலண்டரை யாருவே கிழிக்கிறது?" என்றார் ஊர்த்தலைவர் பெத்தபெருமாள்.

அது நியாயமாகப் பட்டது. கடைசியில் துப்பாக்கி வாங்குவது என்று முடிவாயிற்று. மனுப் போட்டார்கள், மறுநாளே லைசென்ஸும் வந்தது. அது எப்படி அதற்குள் வந்தது என்று நீங்கள் கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பொருளானாலும் அனுபவித்த ஒருவன் வாயால் ‘நல்லாயிருக்கு’ என்று கேட்காமல் வாங்கமாட்டார்கள். குடை வாங்கினால் அதைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவனைக் கேட்பார்கள். மாத்திரை வாங்கினால் விழுங்கியவனைத் தேடிப் போவார்கள்.

தலைவரும் சங்கிலிபூதத்தானும் வெயிலுமுத்துவும் டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து வைத்தார்.

"இதை வெச்சிருந்தவங்க யாராச்சும் நல்லாருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"நானே பத்து வருஷமா வெச்சிருக்கேன்."

"அப்போ சரி. எடுத்துக்கிடுதோம்."

பிறகு தோட்டாவுக்கு வந்தார்கள். "இந்தக் கூர்மூக்கு வேண்டாம்" என்றார் கடைக்காரர். "ஆளைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கமா வந்து, பின்னால நிக்கிறவங்க மேல பாஞ்சிரும். சின்னத் துப்பாக்கிக்கு இந்தக் குழிமூக்குதான் பாதுகாப்பு. உள்ள போச்சுன்னா உள்ளயே நிக்கும்."

திருடனுக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? செண்பகம்தான். வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ளயே நிக்குமா அண்ணாச்சி? உறுதியா?"

"சுட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

"சுட்டவனுக்கு என்னவே தெரியும்?" என்றார் தலைவர். "பட்டவன்ல சொல்லணும். பட்டவன் எவனாச்சும் வந்து நல்லாருக்குன்னு சொன்னானா?"

கடைக்காரர் முப்பது வருஷ வியாபாரத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். "இல்ல. பட்டவன் ஒருத்தனும் வந்ததில்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "திருப்தியா இருந்திருந்தா ஒருத்தனாச்சும் வந்து சொல்லியிருக்க மாட்டானா?" என்றான் சங்கிலிபூதத்தான் தாழ்ந்த குரலில்.

கடைக்காரர் தண்ணீர் குடித்தார். "ஐயா, தோட்டாவை எங்க வேணாலும் வாங்கிக்கிடுங்க. நான் சொல்லுறதை மட்டும் மறந்திராதீங்க. உள்ள போறது உள்ளயே நிக்கணும். சின்னத் துப்பாக்கிங்கிறதால ரொம்ப உதைக்கக் கூடாது. நம்புறதுக்கு முன்னால அம்பதாச்சும் போட்டுப் பாருங்க, எங்கயும் சிக்கக் கூடாது. முக்கியமா, வீட்டுல துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே இடத்துல வைக்காதீங்க."

துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அன்று சாயங்காலமே மறுபடி கூட்டம்.

"மனுசன் உடம்புக்குள்ள போயி, பின்பக்கமா வராம, உள்ளயே நிக்கிறது எது?" என்று கேட்டார் தலைவர்.

எல்லோரும் அவரவர் வயிற்றோடு கலந்தாலோசித்தார்கள்.

"இட்லி?"

"ரெண்டு மணி நேரத்துல கரைஞ்சிரும்."

"மொச்சைப் பயறு?"

"உதைக்கும்" என்றான் சங்கிலிபூதத்தான். அவனுடைய அனுபவத்தை யாரும் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"பொரிவிளங்கா உருண்டை?"

"சிக்கும். போன வருசம் சிக்கினதுல ரெண்டு பல்லு போச்சு."

அப்போது வெயிலுமுத்து தயங்கித் தயங்கி எழுந்தான். "அண்ணாச்சி தப்பா நெனைக்கக் கூடாது. நம்ம பூரணம் மதினி கிண்டுத கேப்பைக் களி இருக்குல்லா... தீவாளிக்குத் தின்னேன். பொங்கல் வரைக்கும் நின்னுச்சு."

கூட்டம் ‘ஆமா, ஆமா’ என்று முழங்கியது. பட்டவர்கள் ஊர் பூராவும் இருந்தார்கள். தலைவரின் சம்சாரம் பூரணத்தம்மாள் வாசல்படியிலிருந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "என் களியத் தின்னுட்டு உடனே எந்திரிச்சு நடந்தவன் எவனாச்சும் இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம்!"

ஒரு கைகூட எழவில்லை.

அம்பது போட்டுப் பார்க்க வேண்டுமே? எருமை யாருடையதோ அவன்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம். புதன்கிழமை காலையில் எலுமிச்சை அளவில் உருட்டிய அம்பது களி உருண்டைக்கு முன்னால் வெயிலுமுத்து உட்கார்ந்தான். இருபது வரைக்கும் கடகடவென்று போயிற்று. முப்பதில் வேர்த்தது. நாற்பதில் செத்துப்போன அவனுடைய அப்பா எதிரே வந்து மோர் கேட்டார். ஒவ்வொரு உருண்டைக்கும் ‘செண்பகம், செண்பகம்’ என்று சொல்லி விழுங்கி, அம்பதையும் முடித்துவிட்டுச் சாய்ந்தான்.

தலைவர் அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் சிக்கல. உதைக்கல. எல்லாம் அப்படியே நிக்குது."

வியாழக்கிழமை முழுக்க நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேர் அவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

துப்பாக்கியைத் தலைவர் வீட்டு நெல் பத்தாயத்தில் வைத்துப் பூட்டினார்கள். தோட்டாவை வெயிலுமுத்துவின் வீட்டில் ஒரு சட்டியில் வைத்து மூடினார்கள். துப்பாக்கி ஆறு தோட்டா பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், ஆறே ஆறு உருண்டை. ஒவ்வொன்றும் தேங்காய் கனம்.

உச்சி வெயிலில் பலவேசம் வந்தான். எட்டு மைல் நடந்து வந்த பசியில் கண் பஞ்சடைத்திருந்தது.

"யாருவே அது?" என்று வெயிலுமுத்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"நான்தான் பலவேசம். கார்டு போட்டிருந்தேனே."

"வாங்க, வாங்க. உக்காருங்க. உங்களுக்குத்தான் தோட்டா எடுத்து வெச்சிருக்கோம்."

பலவேசம் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினான். ஓடலாம் என்று திரும்பினால் வாசலில் ஊரே நிற்கிறது. வெயிலுமுத்து அவன் முன்னால் இலையைப் போட்டு, முதல் தோட்டாவை வைத்து, நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினான்.

"குழிமூக்கு!" என்று சங்கிலிபூதத்தான் பக்கத்திலிருந்தவனுக்கு விளக்கம் சொன்னான்.

பலவேசம் முதல் உருண்டையைப் பசியில் தின்றான். இரண்டாவதை ருசியில் தின்றான். மூன்றாவதைப் பயத்தில் தின்றான். மிச்சத்தை வெயிலுமுத்து ஊட்டிவிட்டான். ஆறாவது உள்ளே இறங்கியதும் திருடன் அப்படியே மல்லாக்கச் சாய்ந்தான்.

"நிக்குதா?" என்று தலைவர் குனிந்து கேட்டார்.

"நிக்குதுய்யா... நல்லா நிக்குது..."

ஊர் குலவையிட்டது. வெயிலுமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் செண்பகத்தைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. அதில் பாதி களி.

"ஐயா, எனக்கு எந்திரிக்க முடியல. என்னை எப்படியாச்சும் எங்க வீட்டுல கொண்டுபோய் விட்டிருங்க" என்று பலவேசம் முனகினான்.

மறுபடி ஆலோசனை. "சுட்டது நாம. கொண்டுவிட வேண்டியதும் நாமதான்" என்றார் தலைவர். வண்டி கிடையாது. தூக்கிச் சுமக்கலாம் என்றால், ஆறு தோட்டாவோடு ஆளை அசைக்கவே முடியவில்லை.

வெயிலுமுத்து கொஞ்சம் யோசித்தான். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது. "செண்பகம் கொண்டுபோய் விட்டிரும் அண்ணாச்சி!"

எட்டுப் பேர் சேர்ந்து உருட்டித் திருடனை எருமை மேல் ஏற்றினார்கள். விழுந்துவிடாமல் வெயிலுமுத்துவே கயிறு போட்டுக் கட்டினான். "பாத்துப் போங்க அண்ணாச்சி. ஓடையைக் கண்டா படுத்துக்கிடும், அதட்டாதீங்க. தானா எந்திரிக்கும்" என்று ஊர் எல்லை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலம் ஊரில் எல்லோரும் பால் இல்லாமல் கடுங்காப்பி குடித்தார்கள். வெயிலுமுத்து பால் செம்பைக் கழுவி வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமையும் உட்கார்ந்திருந்தான். ஞாயிறும் போயிற்று. சோறு இறங்கவில்லை. போன வழியில் அதற்கு என்ன ஆயிற்றோ என்று அவன் பதறாத நேரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. ‘செண்பகம் என் வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தது. ஆனால் மடியைத் தொட்டால் உதறுகிறது. என்ன செய்ய?’

சுகமாக இருக்கிறது என்று கேட்டதும்தான் வெயிலுமுத்துவுக்கு உயிர் வந்தது. கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஐயோ, பருத்திக்கொட்டை வைக்காம அது எப்படிக் கறக்கவிடும்? பாவம், அந்த மனுசனுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு லாரி பிடிக்கக் கிளம்பினான். போகிற வழியில் தலைவர் வீட்டில் நுழைந்து, பத்தாயத்தைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கியை எடுத்து மூட்டைக்குள் செருகினான்.

"ஏலே, துப்பாக்கி எதுக்குலே?" என்றார் தலைவர்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? காலம் கெட்டுக் கெடக்கு. பலவேசம் தனி ஆளு. எவனாச்சும் திருடன் வந்து செண்பகத்தை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்னா?"