சாந்திபுரம் பாடகர் குழு பாட்டை இறக்கிய விதம்

சாந்திபுரம் கோயில் பாடகர் குழுவுக்கு மூளை கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். நாலு பேருக்கும் மூளை இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

குழுத் தலைவர் ரத்தினசிங். நால்வரில் புத்திசாலி அவர்தான் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பாட்டு எழுதினார். கோயிலில் பாடலாமா என்று போதகர்களைக் கேட்டுக் கேட்டு, ஐந்து போதகர்கள் மாறிப்போய், ஆறாவது போதகர்தான் ஒருவழியாக, "சரி, வருகிற ஞாயிறு அசனப் பண்டிகையில பாடுங்க" என்றார். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் திருநாள் அது. ரத்தினசிங் அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான்.

ஒத்திகையில்தான் சிக்கல் தெரிந்தது. பாட்டு எழுதும்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. நாலாவது வரி ஏறுகிற உயரத்துக்கு அன்றைக்குக் குரல் தானாகப் போய் வந்தது. இப்போது பாதி வழியில் கீச்சென்று ஒடிந்தது.

"ரெண்டு படி இறக்கிட்டா பாடிரலாம்" என்றார்.

பாட்டு கோயில் கம்ப்யூட்டரில் இருந்தது. இசைக் குறிப்பு எழுதும் மென்பொருளில் அதை அடித்துக் கொடுத்தவர் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஐசக். அவர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், எப்படி இறக்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குழுவில் கண்ணாடி போட்டிருந்தவர் என்பதால் தவசிமுத்து வாசித்தார்.

"ஒண்ணு. முதல் சுரத்தைக் கிளிக் பண்ணவும். ரெண்டு. ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுரத்தைக் கிளிக் பண்ணவும். மூணு. கீழ் அம்பை ரெண்டு தடவை தட்டவும்."

பிடிக்கிற வேலை பொன்னையாவுக்கு. குழுவில் கனத்த குரலும் கனத்த விரலும் அவருக்குத்தான். ஷிஃப்ட் மேல் கட்டை விரலை ஊன்றினார். ரத்தினசிங் முதல் சுரத்தையும் கடைசிச் சுரத்தையும் கிளிக் பண்ணினார். திரையில் பாட்டு ஆளுக்கொரு வரியாக இருந்ததில், அவருடைய வரி முழுக்க நீல நிறமானது.

நால்வரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, நீலம் பாரிச்சிட்டே" என்றாள் ஞானதீபம். "எங்க பெரியப்பாவைப் பாம்பு கடிச்சப்போ இப்படித்தான் இருந்துது."

"பயப்படாத. இறக்குனா சரியாயிரும்" என்று ரத்தினசிங் கீழ் அம்பைத் தட்டினார்.

ஷிஃப்ட் பிடியில் இருக்கும்போது கீழ் அம்பு சுரத்தை இறக்காது. அடுத்த வரியையும் சேர்த்துக்கொள்ளும். இதெல்லாம் அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நீலம் ஞானதீபத்தின் வரிக்குப் பரவியது. இரண்டாவது தட்டில் தவசிமுத்துவின் வரிக்கும் பரவியது. இன்னொரு தட்டுத் தட்டினால் விஷம் முறிந்துவிடும் என்று தவசிமுத்து யோசனை சொன்னார். பொன்னையாவின் வரியும் போயிற்று. பொன்னையா சும்மா இருந்த கையால் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தொத்து வியாதிதான் வே" என்றார் தவசிமுத்து. "ஒருத்தர் பாக்கியில்ல."

"உசுரு இருக்கா பாருங்க" என்றாள் ஞானதீபம்.

"அசைவு இல்லையே" என்றார் பொன்னையா.

"அப்போ அப்படியே போட்டு வைக்கலாமா? முறையா அடக்கம் பண்ணிர வேண்டியதுதான்" என்றார் தவசிமுத்து.

இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஞானதீபம் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு சின்ன ஜெபம் பண்ணினாள். 'ஆமென்' என்றதும் தவசிமுத்து டெலீட் பொத்தானை அமுக்கினார்.

சுரங்கள் எல்லாம் மறைந்தன. அவை இருந்த இடத்தில் ஓய்வுக் குறிகள் வந்து உட்கார்ந்தன. இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிரு என்று பாடகருக்குச் சொல்லுகிற குறிகள் அவை. முப்பது வருஷப் பாட்டு முழுக்க வாயை மூடு, வாயை மூடு என்று வரிசையாக நின்றது. ரத்தினசிங் ஐசக்குக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க அண்ணாச்சி. கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு இசட்டைத் தட்டுங்க, போனது திரும்பி வந்துரும்" என்றார் ஐசக்.

தட்டினார். வரவில்லை. ஷிஃப்ட் பிடியில் இருந்தால் வராது.

"வேற ஏதாவது பொத்தானை அமுக்குதீங்களா?"

ரத்தினசிங் சுற்றிலும் பார்த்தார். "புதுசா எதையும் அமுக்கலப்பா."

"அப்போ என்னன்னு தெரியலையே. திங்கக்கிழமை வந்து பாக்கேன்."

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. ரத்தினசிங் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சமாவது அறிவு இருந்தா, பாட்டை விட்டுட்டு நம்ம நாலு பேரையும் நீலமாக்கி அழிச்சிருக்கும். ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்ல. முதல்ல என்னைய அழிச்சிருக்கணும்" என்றார். பிறகு, "போகட்டும், மனப்பாடமாத்தான தெரியும். தாள் இல்லாமலே பாடிருவோம்" என்றார்.

மூவரும் அதிர்ந்து போனார்கள்.

"தாள்ல இல்லாததை வாயில எடுக்கப்படாதுன்னு முப்பது வருசமா நீங்கதான அண்ணாச்சி சொல்லுதீங்க" என்றாள் ஞானதீபம். "தாள்ல உள்ளது உள்ளபடி பாடணும்னு அன்னைக்குக்கூட என்னைய ஏசுனீங்க."

அது அவரே போட்ட சட்டம். திரையில் இருந்ததை இருந்தபடியே அச்செடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நால்வரும் வெள்ளை அங்கியில் தாளோடு நின்றார்கள். பொன்னையா மட்டும் விசைப்பலகையைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, ஷிஃப்டை விடாமல் பிடித்திருந்தார். விடச் சொல்லி ஐசக் எழுதவில்லையே. மூன்று நாளாகச் சோறுகூட அவர் மனைவிதான் ஊட்டிவிட்டாள்.

ரத்தினசிங் கையை உயர்த்தினார். பாட்டு தொடங்கியது.

ஒரு சத்தமில்லை. அவர் தாளம் போட்டார். பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் நால்வரும் ஒன்றாகப் புரட்டினார்கள். மௌன ஜெபம் என்று நினைத்துச் சபையார் தலை குனிந்தார்கள். நாலாவது வரி வந்தபோது ரத்தினசிங் நெற்றியில் வேர்த்தது. குதிகாலை உயர்த்தி, கண்ணை மூடி, உச்சத்தைத் தொட்டு இறங்கினார். குரல் ஒடியவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளம் உருகிட்டு ஐயா. அடுத்த வருசமும் இதையே பாடுங்க."

அவர் போன பிறகு பொன்னையா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மூணாவது வரியில நான் ஒரு தாளம் முந்திப் போயிட்டேன்."

"கேட்டுது வே" என்றார் ரத்தினசிங். "நான்தான் கொஞ்சம் சத்தமாப் பாடி அமுக்கிட்டேன்."