பலகை பிடிப்பவன்

சினிமா எடிட்டர் வேதவல்லியிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது இன்னாசிக்கு நாற்பது வயது. அவளைவிட மூத்தவன். ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டான்.

அதற்கு முன் கார் பந்தயங்களில் தம்பி லூர்துவுக்குப் பலகை பிடித்துக்கொண்டிருந்தான். தம்பியின் கார் ஒவ்வொரு சுற்றும் முடிந்து வரும்போது, இன்னும் எத்தனை சுற்று என்று எழுதிய பலகையைச் சுவருக்கு மேலே நீட்டிக் காட்ட வேண்டும். அப்படி ஒரு பந்தயத்தில்தான் லூர்து இறந்தான்.

வேதவல்லிக்கு ஒரு பந்தயப் படம் வந்தது. கதாநாயகன் கடைசிப் பந்தயத்தில் இறக்கிறான். அந்தப் பகுதியை இன்னாசி கேட்டு வாங்கிக்கொண்டான்.

"உன்னால முடியுமா?"

"என்னைவிட யாருக்குத் தெரியும்க்கா?"

அவன் வெட்டி முடித்ததை இயக்குநர் வந்து பார்த்தார்.

"நல்லா பறக்குது. ஆனா எனக்கு உள்ள ஒண்ணுமே ஆகலையே. நாளைக்கும் இப்படியே இருந்தா, இந்த ஒரு ரீலை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம் மேடம்."

அவர் போன பிறகு இன்னாசி அந்த ரீலை மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

"இந்த மாதிரிப் படம் பார்க்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. அப்புறம் எதுக்குக்கா அழறாங்க?"

"நீ வெட்டினதுக்கு யாரும் அழமாட்டாங்க. கார் விளம்பரம் மாதிரி இருக்கு. விலை மட்டும்தான் போடலை."

"எல்லாமே காருக்குள்ள இருந்துதான் வெச்சிருக்கேன். கியர், கண்ணு, வளைவு. கடைசியா அவன் என்ன பார்த்திருப்பானோ, அது."

வேதவல்லி அவன் ஒதுக்கி வைத்திருந்த காட்சிகளைத் திறந்தாள். துணை நடிகர் ஒருவர் சுவரோரம் பலகையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதை ஏன் ஒதுக்கினே?"

"அதுல ஒண்ணும் நடக்கலைக்கா. ஒருத்தன் சும்மா நிக்கிறான்."

அவள் அந்தக் காட்சியை எடுத்துச் சேர்த்தாள். கார் வந்தது. பலகை நீண்டது. கார் போனது. மறுபடி வந்தது, போனது. அதன் பிறகு வந்த விபத்து முழுவதையும் நீக்கினாள்.

பலகை நீண்டது. வேறு கார்கள் மட்டும் போயின. அந்த மனிதர் வளைவைப் பார்த்தபடி நின்றார்.

"விபத்தைக் காட்ட வேண்டாமா?"

"அன்னிக்கு நீ பார்த்தியா?"

"இல்லை. அது வளைவுக்கு அந்தப் பக்கம்."

வேதவல்லி அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள்.

"லூர்துவுக்குப் பின்னால வந்த வண்டியெல்லாம் தாண்டிப் போச்சு. நான்தான் அவனைக் கவனிக்காம விட்டுட்டேன்னு நினைச்சேன். நம்பரை அழிச்சு, ஒண்ணு குறைச்சு எழுதினேன். மறுபடியும் நீட்டினேன்."

திரையில் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இன்னாசி விசைமேல் விரலை வைத்தான்.

"இதை எங்கேக்கா வெட்டணும்?"

"நீ எப்போ பலகையை இறக்கினே?"

இன்னாசி வெட்டாமலே விரலை எடுத்துக்கொண்டான்.