வெளியே உட்கார்ந்த கபடிக்காரர்

திண்டுக்கல்லைச் சேர்ந்த பாண்டீஸ்வரன் சம்பளத்துக்குக் கபடி ஆடுகிறவர். எதிரணிக்குள் பாடிப் போனால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும் ஆள். இருபத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. பேச்சு தப்பித்தது. வீம்பும் தப்பித்துவிட்டது, அதுதான் தொல்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த நஸ்ரின் அவரைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் அந்த அறையில் அவர்தான் குரு.

ஒன்பது நாளாக ஒரே கேள்வி.

“மறுபடி ஆடுவேனா? நூத்துக்கு எத்தனை சான்ஸ்? அதைச் சொல்லுங்க மேடம், அப்புறம் எந்திரிக்கிறேன்.”

“நடந்துருவீங்க. ஆடுவீங்களான்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாட்டி எதுக்கு எந்திரிக்கணும்?”

மனைவி சுகப்பிரியா கையை நீட்டினார். பாண்டீஸ்வரன் அதைத் தட்டிவிட்டார். அந்த அம்மாள் பொறுமைசாலி, வேறு யாராவது என்றால் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பத்தாம் நாள் நஸ்ரின் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார்.

“கபடியில அவுட்டானவர் எப்படித் திரும்ப உள்ள வருவாரு?”

பாண்டீஸ்வரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நம்ம ஆள் யாராவது எதிராளியை அவுட்டாக்கணும். ஒருத்தனை அவுட்டாக்கினா நம்மாளு ஒருத்தன் உள்ள வரலாம்.”

“அப்புறமும் அவர், ‘ஜெயிப்போமா, நூத்துக்கு எத்தனை சான்ஸ்’னு கேட்டுக்கிட்டு வெளியவே உக்காந்திருந்தா?”

“கோச் செருப்பைக் கழட்டுவாரு!”

நஸ்ரின் சிரித்தார். “உங்க வாய் கோணினதும் உங்களை இங்க கொண்டுவந்து சேர்த்தது யாரு?”

“இவதான். மீன் வண்டியை மறிச்சு ஏத்திட்டு வந்தா. ஆஸ்பத்திரியே நாறிப்போச்சு.”

“அப்போ உங்களுக்காக இவங்க பாயிண்ட் எடுத்துட்டாங்க. நீங்க உள்ள வரலாம்னு ஆகி ரெண்டு வாரமாச்சே.”

பாண்டீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். பிறகு இடது கையை அவரிடம் நீட்டினார்.

சுகப்பிரியா பிடித்துத் தூக்க, நஸ்ரின் இடுப்பைத் தாங்க, ஆடி ஆடிக் கோட்டருகே வந்து நின்றார். களத்தில் இறங்குமுன் தரையைத் தொட்டுக் கும்பிடுவது ஆட்டக்காரர்கள் வழக்கம். பாண்டீஸ்வரனும் குனிந்தார். வலது கை தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது.

“எட்டலையே, மேடம்.”

“எட்டுற வரைக்கும் குனிங்க. இன்னைக்கு ஆட்டமே அதுதான்.”